கராச்சி எவ்வளவு தூரம்?

நம் சங்கத்து அங்கத்தினர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ கடல் தாண்டி இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு எத்தனை மணி, துபாய்க்கு எத்தனை மணி, சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி என்று எழுபது வயது மாமிகள் கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். மும்பையிலிருந்து கராச்சிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அங்கே யார் போகிறார்கள் என்ற எதிர்க்கேள்விதான் வரும்.

தேசப்படத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மும்பைக்கும் கராச்சிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சென்னை ஆயிரத்துச் சொச்சம். டில்லி அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக, மும்பைவாசிகளுக்குச் சென்னையையும் டில்லியையும் விடக் கராச்சி பக்கம். ஜெட் விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம், அதிகமாகப் போனால் இன்னும் ஒரு பத்து நிமிஷம். இது கணக்கு. கணக்குப்படி நடக்கிறதா என்பதுதான் விஷயம்.

முப்பத்தேழு வருஷம் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். கராச்சி என்ற பெயரைத் தினசரி ரேடியோவில் கேட்டுப் பழகிய காது இது. அந்தப் பழக்கத்தில் இந்த இரண்டு ஊர்களின் பூர்வகதையை எழுதத் துணிகிறேன்.

முதலில், இவை இரண்டும் அந்நிய ஊர்களே அல்ல. ஆங்கிலேயர்கள் 1843-ல் சிந்துவைப் பிடித்தார்கள். நாலு வருஷம் கழித்து அதைப் பம்பாய் மாகாணத்தோடு சேர்த்தார்கள். 1936 ஏப்ரல் வரை கராச்சி பம்பாய் மாகாணத்து ஊர்தான். கராச்சியில் டி.ஜே. சிந்து கல்லூரியில் படித்தவர்கள் பம்பாய் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கினார்கள். கப்பலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாளில் பம்பாய். ரயிலில் போகிறவர்கள் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆகாய மார்க்கத்தில் கராச்சி முந்திக்கொண்டது. 1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனிலிருந்து கராச்சி வரை வாராந்தர விமானத் தபாலை ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் லண்டன் கடிதம் கராச்சி வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். அதே வருஷக் கடைசியில் டில்லி வரை நீட்டினார்கள். பம்பாய்க்கும் சென்னைக்கும் நீட்டவில்லை. லண்டனிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த தபால் மூட்டை கராச்சியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஆடி அசைந்து தெற்கே வந்தது. நம் பக்கத்து வியாபாரிகளுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கராச்சியில் ட்ரிக் ரோடு என்ற இடத்தில் ஒரு பிரம்மாண்டமான கொட்டகை கட்டியிருந்தார்கள். ஆர்-101 என்கிற ராட்சஸ வாயுக்கப்பல் இங்கிலாந்திலிருந்து வந்து அதில் தங்குவதாக ஏற்பாடு. அது 1930 அக்டோபர் 5-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் விழுந்து எரிந்துபோயிற்று. கொட்டகை மட்டும் பல வருஷங்கள் காலியாக நின்றது. அந்த மைதானத்திலிருந்துதான் இரண்டு வருஷம் கழித்து ஒரு குட்டி விமானம் கிளம்பியது.

நெவில் வின்சென்ட் என்பவர் விமானப்படையிலிருந்து விலகி வந்தவர். கராச்சியிலிருந்து பம்பாய், சென்னைக்கு விமானத் தபால் ஓட்டலாம் என்ற யோசனையை 1929-ல் டாடா கம்பெனிக்குக் கொண்டு வந்தவர் அவர். அதே வருஷம் பிப்ரவரி 10-ல் விமானம் ஓட்டும் லைசென்ஸ், அதுவும் ஒன்றாம் நம்பர் லைசென்ஸ், வாங்கியிருந்த ஜே.ஆர்.டி. டாடா அதைப் பிடித்துக்கொண்டார். சர் தோராப்ஜி டாடாவைச் சம்மதிக்க வைத்தார்கள். சர்க்காரோ மானியம் எதுவும் தர மாட்டேன் என்றது. ஏற்றிச் செல்லும் தபாலின் எடைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று இவர்கள் இறங்கி வந்த பிறகும் பேச்சு இழுத்துக்கொண்டே போய், 1932 ஏப்ரலில்தான் ஒப்பந்தம் ஆயிற்று. செப்டம்பரில் ஆரம்பிக்க வேண்டியது. ஜுஹு மைதானம் கடலோரச் சேறு. மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். மண் காயட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தார்கள். (பின்னாளில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் புனாவுக்கு ஜாகை மாற்ற வேண்டியிருந்தது.)

15-10-1932 காலை 6 மணி 35 நிமிஷத்துக்கு ஜே.ஆர்.டி. ட்ரிக் ரோட்டிலிருந்து கிளம்பினார். விமானம் ஒற்றை எஞ்ஜின் பஸ் மாத். ரேடியோ கிடையாது. ஓட்டுகிறவர் ஒருவர், கூட சுமார் 25 கிலோ தபால். மணிக்கு நூறு மைல் வேகம். நேர்க்கோட்டில் வந்தால் கட்ச் வளைகுடாவும் கடலும் குறுக்கிடும். ஒற்றை எஞ்ஜினை நம்பி அப்படி வர முடியாது, வழியில் பெட்ரோலும் வேண்டும். ஆகையால் ஆமதாபாத் வழியாக வந்தார். அப்படி வந்தால் தூரம் 880-க்குப் பதில் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். ஆமதாபாத்தில் பர்மா ஷெல் கம்பெனிக்காரர்கள் நாலு காலன் டின்களில் பெட்ரோலை மாட்டு வண்டியில் கொண்டு வந்து ஊற்றினார்கள். பகல் 1-50-க்கு ஜுஹுவில் வந்து இறங்கினார். ஆக மொத்தம் 7 மணி 15 நிமிஷம். இந்த எண்ணை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜுஹுவில் தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் இன்னொரு பஸ் மாத்தில் கிளம்பினார். ராத்திரி பல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை. நம்மில் பலர் ஏர் இந்தியாவின் சரித்திரத்தை ஜே.ஆர்.டி.யோடும் ஜுஹுவோடும் நிறுத்திவிடுகிறோம். வின்சென்ட்டின் பெயர் அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை. யோசனை அவருடையது, சென்னைக்கு முதல் தபாலைக் கொண்டு சேர்த்ததும் அவர். 1942 ஜனவரியில் யுத்த சமயத்தில், இங்கிலாந்திலிருந்து இந்தியா திரும்புகிற வழியில் அவருடைய விமானம் காணாமல் போயிற்று. அவருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வருஷத்தில் அந்த இரண்டு குட்டி விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. தபால் பத்தரை டன்னுக்குச் சற்றே மேல். தபால் மூட்டைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்காரத் தயாராக இருந்த பிரயாணிகள் 155 பேர். 1938-ல் கராச்சி விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை போயிற்று. கராச்சிக்கும் திருச்சிக்கும் ஒரே தபால் பாதை!

அப்புறம் 1947.

இந்த இடத்தில் செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருந்த சிந்தி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பூர்வாசிகளுக்குத் தெரியும், ஒரு பக்கம் நம்மவர்கள், இன்னொரு பக்கம் பிரிவினையின்போது வந்து கேம்ப்பில் குடியேறிய சிந்திகள். மாமி ஒன்பது வயதில் அம்மா, தம்பியோடு கராச்சித் துறைமுகத்தில் கப்பலேறியவர். இரண்டு நாள் மேல்தளத்தில், வெயிலில், ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி வந்து இறங்கினார். தாய்மாமா குடும்பம் மட்டும் கிளம்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டது. ஐம்பது வருஷம் இங்கே இருந்தும், "எங்க ஊர்லே" என்று மாமி ஆரம்பித்தால் அது கராச்சிதான். என் அகத்துக்காரிக்கு சிந்தி கடி செய்யக் கற்றுக்கொடுத்தவர். பதிலுக்கு எங்கள் வீட்டு ரசப்பொடி மாசம் ஒரு டப்பா மேலே போகும்.

பிரிவினைக்குப் பிறகும் விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1965 யுத்தத்தில் நின்றது. தாஷ்கண்ட் ஒப்பந்தத்துக்குப் பின் 1966-ல் மறுபடி திறந்தது. பெரிய அடி விழுந்தது 1971-ல். அந்த வருஷம் ஜனவரி 30-ந் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போன 'கங்கா' என்ற நமது ஃபோக்கர் விமானத்தை இரண்டு பேர் லாகூருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். பிரயாணிகளை விட்டுவிட்டு விமானத்தைக் கொளுத்தினார்கள். உடனே நமது சர்க்கார் பாகிஸ்தான் விமானங்கள் நம் ஆகாயத்தில் பறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

ஒரு தேசத்தின் நிலத்துக்கு மேலே இருக்கும் ஆகாயம் அந்தத் தேசத்துக்கே பூரண சொந்தம் என்று 1944-ல் சிகாகோவில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் முதல் ஷரத்தே சொல்கிறது. அனுமதி கொடுத்தால்தான் பறக்கலாம். கராச்சியிலிருந்து டாக்கா அப்போது ஒரே தேசத்துக்குள் ஒரு பிரயாணம். நேர்க்கோட்டில் சுமார் 2,350 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தடை வந்ததும் அந்த விமானங்கள் அரபிக்கடலோரமாகத் தெற்கே இறங்கி, கொழும்பில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வங்காள விரிகுடாவில் மேலே ஏறி டாக்கா சேர வேண்டியதாயிற்று. தூரமும் நேரமும் இரண்டு மடங்கு. அந்த வருஷம் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை டாக்காவுக்குத் துருப்புகளை அனுப்ப வேண்டியிருந்த ராணுவத்துக்கு இது எப்படிப்பட்ட இடைஞ்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. பங்களாதேஷ் யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தளபதிகளையும் டாங்கிகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கொழும்பு வழியாகச் சுற்றிய அந்த மூன்று மணி நேரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பாகிஸ்தான் சர்வதேச சிவில் விமான அமைப்பில் புகார் கொடுத்தது. அந்த அமைப்புக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று நாம் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனோம். நம் தரப்பில் வாதாடியவர் நானி பல்கிவாலா. அவர் வாதாடியும் 1972 ஆகஸ்டில் தீர்ப்பு நமக்குப் பாதகமாகத்தான் வந்தது. அதற்குள் பங்களாதேஷ் பிறந்துவிட்டபடியால் கராச்சி-டாக்கா என்ற உள்நாட்டு மார்க்கமே இல்லாமல் போயிற்று.

நான் 1973-ல் வேலையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கராச்சி விமானம் என்று ஒன்றும் கிடையாது. 1976-ல் இரண்டு தேசங்களும் சமாதானமாகி மறுபடி ஆரம்பித்தபோது எங்கள் பிரிவில் ஒரே உற்சாகம். அதற்குப் பின் 2001 கடைசி வரையிலான இருபத்தைந்து வருஷந்தான், என் கணக்கில், பம்பாயும் கராச்சியும் சரித்திரத்திலேயே மிக அருகில் இருந்த காலம். ஜெட் விமானமும் இருந்தது, அனுமதியும் இருந்தது.

அந்தக் கால அட்டவணையில் ஒரு வேடிக்கை உண்டு. பாகிஸ்தான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால். கராச்சியில் பத்து மணிக்கு ஏறினால் பம்பாயில் பன்னிரண்டேகால் வாக்கில் இறங்குவதாகப் போட்டிருக்கும். இங்கிருந்து பத்து மணிக்குப் போனால் அங்கே பதினொன்றேகாலுக்குள் இறங்கிவிடலாம். வருவதைவிடப் போவது சீக்கிரம் என்று எண்ணி, கராச்சியில் இருக்கும் பைலட்டுகள் நிதானமானவர்கள் போலிருக்கிறது என்று எங்கள் ப்யூன் ஒருவர் தீர்மானமே செய்துவிட்டார்.

இரு ஊர்க் கட்டுப்பாட்டு மையங்களின் ஆகாய எல்லைகளும் ஒட்டியவை. இந்தப் பக்கத்து விமானத்தை அந்தப் பக்கம் ஒப்படைக்க இரவு பகலாகப் பேசியாக வேண்டும். கிரிக்கெட் மாட்ச் சமயங்களில் விமானத்தின் உயரத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, அந்தக் குரல் மெல்ல, "ஜனாப், ஸ்கோர் என்ன?" என்று கேட்கும். சொல்லுவோம். எத்தனையோ வருஷம் பேசிய அந்தக் குரல்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

2001 டிசம்பர் 13-ந் தேதி பாராளுமன்றத்தின் மேல் நடந்த தாக்குதலுக்குப் பின், 2002 ஜனவரி முதல் மறுபடி தடை. சரியாக இரண்டு வருஷம் கழித்து 1-1-2004 அன்று நீங்கியது. அப்போதுதான் மாமிக்கு ஆசை வந்தது. தாய்மாமா பேரனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. விமானம் என்னவோ ஒன்றரை மணிதான், விசா வேண்டுமே! மும்பையில் அவர்களுக்குத் தூதரகக் கிளை இல்லை. கராச்சியில் இருந்த நமது கிளையையும் 1994-ல் மூடியாயிற்று. 880 கிலோமீட்டர் மேற்கே போக, முதலில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே டில்லிக்குப் போக வேண்டும். விசாவிலும் இந்த ஊருக்கு மட்டும், இத்தனை நாளைக்கு மட்டும், போனதும் போலீஸில் பதிவு செய்து கொள்ளவும் என்று நிபந்தனைகள். மாமி விடவில்லை. டில்லிக்கு இரண்டு நடை நடந்து, 2006-ல் தம்பியோடு போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்த சாயந்திரம் நாங்கள் எல்லோரும் மேலே போனோம். வீடு இருந்ததா, யார் இருக்கிறார்கள் என்று என் அகத்துக்காரி அடுக்கிக்கொண்டே போனாள். மாமி அதற்கெல்லாம் அப்புறம்தான் பதில் சொன்னார். முதலில் சொன்னது இதுதான்: "ஜூஸ் கொடுத்தா, குடிச்சு முடிச்சேன், பெல்ட் போட்டுக்கோங்கன்னுட்டா. அண்ணா, இவ்வளவு கிட்டக்கவா இருந்தது?"

அவ்வளவு கிட்டக்க இருந்தது நீடிக்கவில்லை. 2017 மே மாதத்தோடு பாகிஸ்தான் விமானக் கம்பெனி கராச்சி-மும்பை விமானத்தை நிறுத்தியது. நமது கம்பெனிகள் அதற்கு முன்பே விலகியிருந்தன. 2018-ல் கராச்சியில் அந்தப் பேரனின் பெண்ணுக்குக் கல்யாணம். துபாய் வழியாகத்தான் போக வேண்டும். மும்பையிலிருந்து துபாய் 1,930 கிலோமீட்டர், மூன்றேகால் மணி. அங்கிருந்து திரும்பி வந்த வழியிலேயே பாதி தூரத்துக்கு மேல், 1,190 கிலோமீட்டர், இரண்டு மணி. நடுவில் காத்திருப்பு மூன்று நாலு மணிக்குக் குறையாது. 880 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு 3,100 கிலோமீட்டர் பிரயாணம், எட்டு ஒன்பது மணி நேரம். ஜே.ஆர்.டி.க்கு ரேடியோ இல்லாத பஸ் மாத்தில், மாட்டு வண்டி பெட்ரோலையும் சேர்த்து, ஏழேகால் மணி!

மாமிக்கு அப்போது எண்பது. முழங்காலில் வலி. போகவில்லை. பட்டுப் புடவை ஒன்றைத் துபாயில் இருக்கும் உறவுக்காரப் பையன் மூலமாக அனுப்பி வைத்தார். இரண்டு வருஷத்தில் மாமி காலமாகிவிட்டார்.

2019-ல் நடந்தது அங்கத்தினர்கள் பலருக்கு நேரிலேயே தெரிந்திருக்கும். பாலாகோட் சம்பவத்துக்கு மறுநாள், பிப்ரவரி 27 அன்று, பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியது. ஜூலை 16 வரை அது முழுசாகத் திறக்கவில்லை. டில்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போன விமானங்கள் குஜராத் வரை தெற்கே இறங்கி, அரபிக்கடல் மேல் சுற்றிப் போயின. ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலை 2 வரை 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று பாராளுமன்றத்தில் மந்திரி சொன்னார். பஹல்காம் கொலைகளுக்குப் பின் 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் நமது விமானங்களுக்குத் தடை போட்டது. ஒரு வாரத்துக்குள் நாமும் போட்டோம். மாதாமாதம் இரு தரப்பும் அதை நீட்டிக்கொண்டே போயின. டில்லியில் ஏறி அமெரிக்கா போனவர்கள் வியன்னாவில் பெட்ரோலுக்காக நின்றதைப் பற்றி என்னிடமே சிலர் குறைப்பட்டார்கள். கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை; செத்தவர்கள் நம்மவர்கள். ஆனாலும் அந்தத் தடைகள் இரு தேசத்து விமானங்களுக்கு மட்டுந்தான். மூன்றாவது தேசத்து விமானங்கள் எல்லையைத் தாண்டிப் பறந்தபடிதான் இருந்தன. ஆகையால் மும்பைக் குரலும் கராச்சிக் குரலும் அப்போதும் பேசிக்கொண்டிருந்தன.

2025 மே 3-ந் தேதி இன்னொரு உத்தரவு வந்தது. பாகிஸ்தானிலிருந்து வரும் தபாலும் பார்சலும், ஆகாய வழியானாலும் தரை வழியானாலும், நிறுத்தம். தபால் இலாகாவின் உத்தரவு. 1932-ல் இந்த மார்க்கத்தைத் திறந்ததே அந்த 25 கிலோ தபாலுக்காகத்தான்.

அந்த முதல் பிரயாணத்தை ஜே.ஆர்.டி. இரண்டு தடவை திரும்பச் செய்து காட்டினார். 1962-ல் ஒன்று, 1982-ல், எழுபத்தெட்டு வயதில், இன்னொன்று. இரண்டு தடவையும் பழைய லெபர்ட் மாத் விமானத்தில், கராச்சியிலிருந்தே கிளம்பி, ஆமதாபாத் வழியாக பம்பாய். 1971-ல் அப்படி ஒரு யுத்தம் நடந்த பின்னும் 1982-ல் கராச்சியில் அவரை வழியனுப்பி வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபர் 15-ல் ஆரோஹி பண்டிட் என்ற மும்பைப் பெண், சின்னஞ்சிறு விமானத்தில் தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியவர், அதே பிரயாணத்தை மறுபடி செய்தார். ஆமதாபாத்தில் இறங்கி, பிறகு ஜுஹு. எல்லாம் 1932 மாதிரியே. கிளம்பிய இடம் மட்டும் கராச்சி இல்லை, நம் எல்லைக்கு இந்தப் பக்கத்து பூஜ்.

2032-ல் அந்த முதல் பிரயாணத்துக்கு நூறு வருஷம் பூர்த்தியாகிறது. விழா எடுக்கிறவர்கள் எந்த ஊரிலிருந்து விமானத்தைக் கிளப்புவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. அப்போது எனக்கு எண்பத்திரண்டு ஆகியிருக்கும்.